பள்ளி செல்லும் பிள்ளைகளைப் பற்றிய கவலையை ஆண்டவரிடம் விடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் "என் பிள்ளைகளை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே" என்று கண்ணீரோடு ஜெபித்துவிட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் மகனுடைய ஆசிரியைக்கு மூன்றாவது மெசேஜ் அனுப்பியவள் நான். தலைவலி என்றானே, இப்போது எப்படி இருக்கிறான்? பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்களாமே? இன்றைக்காவது கை தூக்கிப் பதில் சொன்னானா? மூன்றாவதற்குப் பதில் வரவில்லை. பாவம், வகுப்பில் என் பிள்ளை ஒருவன் மட்டுமா இருக்கிறான்?

ஒப்புக்கொடுப்பது என்றால் ஒருமுறை உருகி ஜெபித்தால் முடிந்துவிடும் என்று அப்போது நினைத்திருந்தேன். பள்ளிக் காலம் அப்படி விடாது. பத்துப் பன்னிரண்டு வருடம், தினமும் காலையில், நம் கண்ணுக்கு எட்டாத ஓர் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். ஆகவே ஒப்படைப்பதும் பை அடுக்குவதைப் போலத் தினசரி வேலைதான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி நான் பிடித்த வரிசை கீழே இருக்கிறது. முதல் இரண்டு படிகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்றவற்றை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி முன்பின் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: கவலைக்குப் பெயர் வையுங்கள்

"பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது" என்று புலம்பலாம். ஆனால் அதை யார் கையிலும் கொடுக்க முடியாது. புகையைப் பிடித்து எப்படிக் கொடுப்பது?

ஒரு நோட்டு எடுங்கள். தேதி போட்டு, ஒரு கவலைக்கு ஒரு வரி எழுதுங்கள். யார், எங்கே, எப்போது என்ற கேள்விகளில் இரண்டுக்காவது அந்த வரி பதில் சொல்ல வேண்டும். "மகன் தனிமையாக இருக்கிறான்" என்பது போதாது. "மதிய இடைவேளையில் மகன் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்" என்று எழுதினால் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். எழுதும்போதே சில கவலைகள் சுருங்கிப்போகும். வேறு யாரோ ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேள்விப்பட்ட சாயங்காலத்தில் முளைத்தவை அவை என்று நமக்கே தெரிந்துவிடும். அவற்றை அடித்துவிடுங்கள்.

"அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்பது 1 பேதுரு 5:7. நம்மில் பலருக்கு மனப்பாடமான வசனம். இங்கே "வைத்துவிடுங்கள்" என்று வரும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓர் இடத்தில்தான் வருகிறது. லூக்கா 19:35-இல், சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போடுகிற இடம் அது. தோளில் கிடந்த துணியை எடுத்து, சுமக்கிற ஒன்றின்மேல் வீசிப் போடுகிற அதே செயல். துணியைப் போட வேண்டுமானால் அது முதலில் கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் நோட்டு.

பழந்தமிழில் "கவலை" என்றால் பாதை கிளை பிரிகிற இடம் என்றும் ஒரு பொருள் உண்டு. நடு இரவில் "அப்படி ஆகிவிட்டால், இப்படி ஆகிவிட்டால்" என்று மனம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால், அந்தப் பொருளும் பொருத்தமாகத்தான் படுகிறது.

படி 2: யாருடைய பங்கு எது என்று பிரியுங்கள்

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள். நான் செய்ய வேண்டியது. பிள்ளை செய்ய வேண்டியது. ஆண்டவர் மட்டுமே செய்யக் கூடியது.

மோசேயின் தாயை நினைத்துப் பாருங்கள். யாத்திராகமம் 2-ஆம் அதிகாரம். எபிரெய ஆண் குழந்தைகளை நதியில் போட்டுவிடும்படி பார்வோன் கட்டளையிட்டிருந்த காலம். மூன்று மாதம் குழந்தையை ஒளித்து வைத்தாள். இனி ஒளிக்க முடியாது என்றானபோது நாணற்பெட்டி ஒன்றை எடுத்து, அதற்குப் பிசினும் கீலும் பூசினாள். பிள்ளையை உள்ளே கிடத்தி, நதியோரத்து நாணலுக்குள் வைத்தாள். என்ன நடக்கிறது என்று பார்க்க, தமக்கை தூரத்தில் நின்றாள்.

இந்தக் கதையில் நான் அதிக நேரம் நிற்பது அந்தக் கீல் பூசுகிற இடத்தில்தான். தண்ணீர் புகாத அளவுக்கு ஒவ்வோர் இணைப்பிலும் பார்த்துப் பார்த்துப் பூசியிருப்பாள். அது அவளுடைய பங்கு. ஆற்றின் ஓட்டமோ, பார்வோனின் மகள் குளிக்க வரும் நேரமோ அவள் பங்கில் இல்லை. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பூசாமல் விட்டிருந்தால் அதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பூசி முடித்த பிறகும் பெட்டியை விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டே இருந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்காது.

மாடிப்படி வரிக்கு வருவோம். என் பங்கு: வகுப்பு ஆசிரியையிடம் ஒருமுறை (ஒரே ஒருமுறை!) நேரில் பேசுவது, மகனுக்குப் பிடித்த விளையாட்டுக்கோ குழுவுக்கோ பெயர் கொடுக்க உதவுவது, சாயங்காலம் கேள்வி கேட்காமல் அவனோடு அரை மணி நேரம் உட்கார்வது. அவன் பங்கு: யாரோடு சேர்வது என்று தீர்மானிப்பது, போய் முதல் வார்த்தை பேசுவது. ஆண்டவருடைய பங்கு: சரியான ஒரு சிநேகிதனை அவன் பாதையில் கொண்டுவருவது, அதுவரை அவன் மனம் கசந்துபோகாமல் காப்பது.

பெற்றோர் பெரும்பாலும் நடுக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். பிள்ளையின் பங்கையும் நாமே எடுத்துக்கொண்டு, அது நடக்காதபோது ஆண்டவரிடம் கோபித்துக்கொள்கிறோம். செய்முறைப் பாட நோட்டை மறந்துவிட்டுப் போனால் திட்டு வாங்குவது பிள்ளையின் கட்டம். ஓடிப்போய்க் கொடுப்பதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. வாரம் மூன்று முறை ஓடினால் அதற்குப் பெயர் வேறு.

முதல் கட்டத்தில் கண் பார்வை, காது, தூக்கம் மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். "படிப்பில் நாட்டமில்லை" என்று நாம் உபவாசம் இருந்து ஜெபிக்கிற பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதில் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே சிரமம் இருக்கும். அதைச் சோம்பல் என்று எண்ணி வருடக்கணக்கில் திட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போவதும் கீல் பூசுவதுதான்.

படி 3: ஜெபத்தைப் பள்ளி நேரத்தோடு கட்டிவிடுங்கள்

"எப்போதும் ஜெபிக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் எப்போதும் கவலைப்படுகிறவர்கள். நானும் அந்த ரகம்தான். ஜெபத்துக்கு நேரம் குறித்தபோதுதான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது.

காலையில் பள்ளி மணி அடிக்கிற நேரம், மதிய இடைவேளை, பிள்ளை வீடு திரும்பப் புறப்படுகிற நேரம். இந்த மூன்றும் போதும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பிலிப்பியர் 4:6 சொல்கிற அமைப்பு எளிது: விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடு தெரியப்படுத்துவது. அதையே இப்படி வைத்துக்கொள்ளலாம்.

"ஆண்டவரே, இன்று மூன்றாவது பாடவேளையில் அவளுக்குக் கணக்குத் தேர்வு. நேற்று தெரிந்தது இன்றும் நினைவில் நிற்கட்டும். தெரியாததைப் பார்த்துப் பதறாமல் இருக்கட்டும். அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்காக நன்றி. ஆமென்."

அவ்வளவுதான். ஆமென் சொன்ன பிறகு வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆசிரியர்கள், வண்டி ஓட்டுகிறவர், பக்கத்து இருக்கைப் பிள்ளை என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். உங்கள் பிள்ளையை அடித்த பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கும், பரவாயில்லை.

பிலிப்பியருக்கு அந்த வார்த்தைகளை எழுதியபோது பவுல் கட்டுண்டு காவலில் இருந்தார். அடுத்த வசனத்தில் தேவசமாதானம் உங்கள் இருதயத்தைக் "காத்துக்கொள்ளும்" என்கிறார். அங்கே அவர் எடுத்த கிரேக்கச் சொல் படைவீரர் காவல் நிற்பதைக் குறிப்பது. தன்னைக் காவல் காத்தவர்களைப் பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாரோ என்னவோ.

படி 4: பிள்ளையின் முன்னால் ஜெபிக்கும்போது கவனம்

குடும்ப ஜெபத்தில் ஒருநாள் நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கிற நல்ல மனதைக் கொடும். சொன்ன பேச்சைக் கேட்கிற கீழ்ப்படிதலைக் கொடும்." நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தால் மகனும் ஒரு கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, இது எனக்குத்தானே?" என்றான். ஆமாம், அவனுக்குத்தான். ஆண்டவர் பெயரைப் போட்டு அவனுக்கு அனுப்பிய கடிதம்.

அன்றோடு ஒரு விதி வைத்தேன். பிள்ளை கேட்கும்படி செய்கிற ஜெபத்தில் புகார் கிடையாது. அவனைப் பற்றி நன்றி சொல்லலாம். அவனே கேட்ட உதவியைக் கேட்கலாம். மற்றதெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு.

அப்புறம், ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பிள்ளையின் ரகசியத்தைச் சபைக் குழுவில் போடாதீர்கள். "மகளுக்காக ஜெபியுங்கள், வகுப்பில் ஒரு பையனோடு..." என்று ஒரு தாய் பாரம் தாங்காமல்தான் பகிர்கிறாள். ஆனால் அடுத்த ஞாயிறு அந்தப் பெண் ஆலயத்துக்குள் நுழையும்போது பத்துப் பேர் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இனி எதையும் அவள் வீட்டில் வாய் திறந்து சொல்ல மாட்டாள். வாயை மூடத் தெரிந்த ஒருவர், ஜெபிக்கத் தெரிந்த ஒருவர், இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வசனத்தைச் சீட்டாக்காதீர்கள்

தேர்வுக் காலத்தில் இது பெருகிவிடுகிறது. தானியேலும் அவன் தோழர்களும் ராஜாவின் மற்ற ஞானிகளைவிடப் "பத்துமடங்கு" சமர்த்தராயிருந்தார்கள் என்று தானியேல் 1:20-இல் வருகிற சொல்லை எழுதுகோல் பெட்டியில் ஒட்டி அனுப்புகிறோம். அதே அதிகாரத்தில் ஐந்தாம் வசனம் மூன்று வருஷப் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறது. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் அந்த வாலிபர்கள் உட்கார்ந்து கற்றார்கள். தேவன் அவர்களுக்கு அறிவையும் சாமர்த்தியத்தையும் கொடுத்தார் என்பதும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் ஒட்ட வேண்டும்.

எரேமியா 29:11-ம் இப்படித்தான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்டது. அதற்கு முந்தைய வசனத்தைப் படித்தால் எழுபது வருஷக் கணக்கு இருக்கிறது. கேட்டவர்களில் பலர் அதன் முடிவைப் பார்க்கும் வயதைத் தாண்டியவர்கள். இந்த வசனத்தை வரப்போகிற தேர்வு முடிவுக்கு உத்தரவாதமாகக் காட்டினால், மதிப்பெண் குறைகிற பிள்ளை தன்மேல் ஆண்டவருக்குப் பிரியமில்லை என்று முடிவு கட்டிக்கொள்ளும். அது மதிப்பெண்ணைவிடப் பெரிய இழப்பு.

படி 6: வயதுக்கு ஏற்றபடி பிடியைத் தளர்த்துங்கள்

சின்ன வகுப்புகளில் கவலை உடம்பைச் சுற்றியே வரும். விழுந்துவிடுவானோ, காய்ச்சல் வருமோ என்று. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையே எல்லாவற்றையும் நம்மிடம் சொல்லிவிடுகிற பருவம்.

அடுத்து வருகிறது பெற்றோர் கையைவிட்டுப் பிள்ளை நழுவுவதுபோல் தெரிகிற பருவம். பன்னிரண்டு வயதில் இயேசுவையே தொலைத்த பெற்றோர் உண்டு, லூக்கா 2. பண்டிகை முடிந்து ஊர் திரும்புகிற கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி ஒருநாள் பயணம் வந்துவிட்டார்கள். திரும்பிப் போய்த் தேடி, மூன்று நாளைக்குப் பின்பு தேவாலயத்தில் கண்டார்கள். "உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே" என்று மரியாள் சொல்கிறாள். தேவனால் தெரிந்துகொள்ளப்பட்ட தாய்க்கும் அந்த விசாரம் வந்தது. ஆகவே உங்களுக்கு வந்தால் விசுவாசக் குறைவு என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். பேதுருவின் வசனத்தில் "விசாரிக்கிறவர்" என்று வருவதும் தமிழில் இதே சொல்தான். நாம் விசாரப்படுகிற இடத்தில் அவர் விசாரிக்கிறார்.

பிள்ளை சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று ஐம்பதாம் வசனம் ஒளிக்காமல் சொல்கிறது. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளை வைத்திருக்கிற எவரும் இதைப் படித்து லேசாகச் சிரித்துக்கொள்ளலாம். மரியாள் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் மேலும் கேட்டதாக எழுதியில்லை. இருதயத்திலே வைத்துக்கொண்டாள். இந்த வயதில் நாம் பழக வேண்டிய திறமை அதுதான். கதவு சாத்தியிருந்தால் தட்டுங்கள், திறக்காவிட்டால் "சரி, நான் கூடத்தில்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள்.

மேல் வகுப்புக்குப் போனதும், விடுதியில் சேர்ந்ததும் அன்னாளின் பருவம் வருகிறது. மகன் பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணியவள் அவள். அப்படிப் பிறந்த சாமுவேலை அவள் விட்டுவந்த ஆலயம் ஒன்றும் குறையற்ற இடமல்ல. ஆசாரியன் ஏலி, ஜெபித்துக்கொண்டிருந்த அவளையே வெறித்திருக்கிறாள் என்று தவறாக நினைத்தவர். அவருடைய குமாரரோ துன்மார்க்கர். அவள் பிள்ளையை விட்டது அந்தக் கட்டடத்தையோ ஆட்களையோ நம்பி அல்ல. ஒவ்வொரு வருஷமும் பலி செலுத்த வரும்போது ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவந்தாள் என்று 1 சாமுவேல் 2:19 சொல்கிறது. வருஷம் முழுக்கப் பார்க்காத பிள்ளைக்கு எந்த அளவில் துணி வெட்டியிருப்பாள்? தோள் இவ்வளவு வளர்ந்திருக்கும், கை இவ்வளவு நீண்டிருக்கும் என்று மனதாலேயே அளந்திருப்பாள். ஒப்புக்கொடுத்த பிறகும் தாயின் கைக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு சட்டை. தினம் மூன்று மெசேஜ் இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. அன்னாளைப் பார்த்துப் பிள்ளையின் தலைமேல் பொருத்தனை வைக்காதீர்கள். "நீ தேறினால் உன்னை ஊழியத்துக்குக் கொடுப்பதாக வேண்டியிருக்கிறேன்" என்ற சுமையோடு தேர்வு எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்களால் செய்ய முடிந்ததை உங்களுக்காக நேர்ந்துகொள்ளுங்கள்.

படி 7: கொடுத்தது திரும்பி வரும்போது

வரும். பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு. அப்போது புதிதாக ஜெபம் கட்ட முயலாதீர்கள். விளக்கைப் போட்டு நோட்டைத் திறந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை மட்டும் மறுபடி போடுங்கள். "இது உம்மிடம் இருக்கிறது" என்று ஒருமுறை சொல்லுங்கள். அந்த நேரத்தில் போனில் கல்லூரித் தரவரிசையோ நோய் அறிகுறியோ தேடுவது கூடவே கூடாது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னது மத்தேயு 6:34-இல். நாளைய பாட்டை இன்றிரவே பட்டு முடித்தால் நாளைக்கு அது குறைந்துவிடுவதில்லை.

"அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்பது சங்கீதம் 127:2. பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்கிற புகழ்பெற்ற வரி அதற்கு அடுத்த வசனம். தூக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகளைச் சொல்கிறது அந்தச் சங்கீதம்.

ஜெபித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத இடங்கள்

பள்ளியில் யாராவது அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்கள் என்றால் அன்றைக்கே எழுந்து போக வேண்டும். பிள்ளை பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பள்ளி என்றாலே வயிறு வலிக்கிறது என்கிறது, உடம்பில் காயம் தெரிகிறது என்றாலும் அப்படித்தான். "செத்துப்போனால் நன்றாயிருக்கும்" என்று விளையாட்டாகச் சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள், பள்ளித் தலைமைக்கு எழுத்தில் கொடுங்கள், குற்றம் என்றால் காவல்துறைக்குப் போங்கள். குற்றம் செய்தவர் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இது மாறாது.

பிள்ளை முதன்முதலாக வாய் திறக்கும்போது "ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். அந்தப் பதில் பிள்ளையின் காதில் "இதைப் பற்றி இனி பேசாதே" என்றுதான் விழும். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, இப்போது நாம் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஜெபம் அதற்குப் பிறகு, இருவரும் சேர்ந்து.

மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டுங்கள்

தீர்ந்தவற்றுக்கு டிக் போடுங்கள், எப்படித் தீர்ந்தது என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள். என் நோட்டில் ஓரிடத்தில் "புதன்கிழமை விஷயம்" என்று மட்டும் இருக்கிறது. நான்கு தேதிகள் போட்டிருக்கிறேன், அழுத்தி எழுதியதில் தாள்கூடக் கிழிந்திருக்கிறது. என்ன விஷயம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மகளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அதற்கும் ஒரு டிக் போட்டோம்.

மாடிப்படி வரிக்கு டிக் விழ ஒன்றரை வருடம் ஆயிற்று. நான் ஜெபித்த மாதிரியான சிநேகிதன் கிடைக்கவில்லை. மற்றொரு படியில் தனியாக உட்கார்ந்திருந்த, யாரோடும் பேசாத ஒரு பையன் கிடைத்தான். இருவரும் இப்போது சேர்ந்து பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

அதற்கு மூன்று வரி கீழே இன்னொன்று இருக்கிறது. அதற்கு இன்னும் டிக் இல்லை. நேற்றிரவும் அதன் பக்கத்தில் ஒரு தேதி போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.